ஊதிக் காட்டு

தம்பி பெண்டாட்டியின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக வந்த அக்காக்காரி, வரும்போதே ஒரு பெட்டியும், எடை பார்க்கும் இயந்திரம் ஒன்றும், நடுவில் ஓட்டை போட்ட வட்ட மெத்தை ஒன்றும் கொண்டுவந்தாள். பெட்டியில் அவள் துணிமணி. இயந்திரம் மற்றவர்கள் ஏறி நிற்பதற்கு. மெத்தை அவள் உட்காருவதற்கு. சோறு, ரொட்டி, கிழங்கு, பழம் எல்லாவற்றுக்கும் முழுக்குப் போட்டுவிட்டு, வெண்ணெயும் முட்டையும் கொழுப்புக் கறியுமாகத் தின்று உடம்பைப் பாதியாக்கிக்கொண்ட புண்ணியவதி அவள். பாதியான உடம்பு காலைக்கடனுக்கு மட்டும் முரண்டு பிடித்தது. கக்கூசுக்குள் நுழைந்தாளானால் வீட்டில் மற்றவர்கள் வெளியே காலை மாற்றி மாற்றி நிற்க வேண்டியதுதான். அந்த முக்கலின் பலன்தான் வட்ட மெத்தை. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. இதையெல்லாம் அவள் வெளியே சொன்னதில்லை. இளைத்த கதையைச் சொல்லாமல் ஒரு நாளும் இருந்ததில்லை. வந்த கொஞ்ச நாளிலேயே தெருவில் அவளுக்கு வெண்ணெய்யக்கா என்று பெயர் விழுந்துவிட்டது.

கீழே பட்டறை, மேலே குடித்தனம். தம்பி கார்களுக்கு வர்ணம் அடிக்கிறவன். பெயிண்டர் என்றால்தான் யாருக்கும் தெரியும். இடித்து நசுங்கி வரும் வண்டியை டிங்கர் தட்டி நிமிர்த்திக் கொடுப்பார். பெயிண்டர் அதன்மேல் பட்டி பூசிக் காயவிட்டு, தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பான். கண்ணுக்குப் படாத மேடு பள்ளம் அவன் கைக்குப் படும். "லெவல் இல்ல" என்று முனகிவிட்டு மறுபடியும் தேய்ப்பான். கை சரி என்று சொன்ன பிறகுதான் வர்ணத்தில் தின்னரை ஊற்றிக் கலக்குவான். அவன் பெண்டாட்டி வண்டிகளுக்கு இருக்கை உறை தைப்பவள். பட்டறையின் ஓரத்தில் மோட்டார் வைத்த தையல் இயந்திரம் அவளுடையது. முழு இருக்கைக்குத் தைத்தாலும் அவள் போட்ட தையல் கோடு கிழித்த மாதிரி இருக்கும். தையல்காரி என்றுதான் அவளையும் கூப்பிட்டார்கள்.

அந்த வீட்டில் தின்னர் வாசனை ஏறாத பொருள் கிடையாது. தலையணையில், குடிக்கிற தண்ணீரில், குழந்தையின் போர்வையில் எல்லாம் அதுதான். புதிதாகப் படியேறி வருகிறவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவார்கள். வீட்டுக்காரர்களுக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பெயிண்டரின் மூக்கு என்றைக்கோ செத்துப்போயிருந்தது. பாலே கருகிப் புகைந்தாலும் கண்ணால் பார்த்துத்தான் அடுப்பை அணைப்பான். அதோடு அது மழைக்காலம். ஈரக்காற்று பட்டால் அடித்த வர்ணம் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துப்போகும் என்று கீழே மேலே எல்லா ஜன்னலையும் அவன் அடைத்தே வைத்திருந்தான்.

தையல்காரிக்குப் பெண் குழந்தை. எடை குறைவாகப் பிறந்தது. பால் இறங்கவே நாளாயிற்று. மார் கட்டிக் காய்ச்சல் கண்டு, அழுது, விடாமல் குழந்தையைப் போட்டுப் போட்டு ஒரு வழியாகப் பாலை வரவழைத்தாள். அதற்குள் வெண்ணெய்யக்கா புட்டியைக் கழுவிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தையல்காரி புட்டியை வாங்கவில்லை. குழந்தை முதல் முறையாக வயிறு நிறையக் குடித்துவிட்டு உதட்டோரம் பால் வழியத் தூங்கியபோது, அவளுக்கு இருந்த கர்வத்துக்கு அளவில்லை.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் அவள் மறுபடி கீழே வந்து இயந்திரத்தில் உட்கார்ந்தாள். பெயிண்டர் அந்தப் பக்கம் போனவன், வண்டிக் கதவைத் தடவுகிற மாதிரியே அவள் இடுப்போரம் உள்ளங்கையை வைத்து, "இன்னும் லெவல் ஆகலையே" என்றான். முதலாளியான அவனே சிரிக்கவே டிங்கரும் சிரித்துவைத்தார். தையல்காரி தைத்ததையே மறுபடி தைத்தாள். படியில் நின்ற அக்கா இதைக் கேட்டுவிட்டாள்.

அன்றைக்கே அவளை எடை இயந்திரத்தில் ஏற்றி நிறுத்தி, பக்கவாட்டில் திருப்பி வயிறு தெரிய ஒரு படம் எடுத்துத் தன் கைபேசிக் குழுவில் போட்டாள் அக்கா. அதில் அவளைப் போலவே வெண்ணெய் தின்னும் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். இளைப்பதற்கு முன்னால் எப்படி, இளைத்த பின்னால் எப்படி என்று படம் போட்டு ஒருவருக்கொருவர் கைதட்டிக்கொள்வதுதான் குழுவின் வேலை. முன்னால் படம் போட்டாயிற்று. இனிப் பின்னால் படத்துக்கு ஆள் இளைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அக்காவின் மானம் என்ன ஆவது?

"நான் பால் குடுக்குறேன் அண்ணி. அதுக்கே பசி தாங்க மாட்டேங்குது" என்றாள் தையல்காரி. "எது வேணா செய்யறேன். ஆனா பால் மட்டும் நின்னுடக் கூடாது. எனக்கு அது ஒண்ணுதான்."

"யாரு நிறுத்தச் சொன்னா? கொழுப்பு தின்னா பால் கொழகொழன்னு வரும்டி. பிள்ளை கும்முனு ஆயிடும். நான் பொறுப்பு."

"டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

"அவளே குண்டா இருக்கா. அவகிட்ட போயி என்னத்தக் கேக்குறது?"

அம்மா போனபின் பெயிண்டரை வளர்த்து ஆளாக்கியவள் அக்காதான். அவள் சொன்னதற்கு மறுபேச்சு அவன் வாயில் வந்ததே இல்லை. "அக்கா உன் நல்லதுக்குத்தான சொல்லுது" என்றான்.

காலையில் அக்கா சர்க்கரை இல்லாத தேநீரில் ஒரு கட்டி வெண்ணெயைப் போட்டுக் கலக்கிக் கொடுப்பாள். மேலே மஞ்சளாக எண்ணெய் மிதக்கும். பிறகு கொழுப்பில் பொரித்த முட்டை. மத்தியானம் கறி, அதிலும் வெள்ளையாகத் தொங்குகிற பாகம். அதோடு சாப்பாடு முடிந்தது. தையல்காரி முதலில் இரண்டு நாள் ஓங்கரித்தாள். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கக் கற்றுக்கொண்டாள். ரொட்டிக்காரனின் மணி தெருவில் கேட்டால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இதற்கெல்லாம் மேலே ஒரு சோதனை இருந்தது. தினமும் காலையில் அக்கா தன் வட்ட மெத்தையில் உட்கார்ந்துகொண்டு அவளைக் கூப்பிடுவாள்.

"வா, ஊது."

குடித்துவிட்டு வண்டி ஓட்டியவனைப் போலீஸ்காரன் ஊதச் சொல்கிற மாதிரி இவளும் குனிந்து அவள் மூக்குக்கு நேராக ஊத வேண்டும். சோறும் ரொட்டியும் இல்லாமல் உடம்பு தன் கொழுப்பையே எடுத்து எரிக்கத் தொடங்கினால் வாயில் ஒரு வாசனை வரும், அழுகின பழம் மாதிரி இனிப்பும் காட்டமுமாக இருக்கும் என்பது குழுவின் பாடம். அக்காவுக்கு அவள் புருஷன் வீட்டில் இருந்தபோது நாலாம் நாளே வந்துவிட்டதாம்.

"ஒண்ணும் வரலையே" என்பாள் அக்கா. "தம்பி, நீ பாருடா."

பெயிண்டரும் குனிந்து மோந்து பார்ப்பான். "எனக்கும் ஒண்ணும் தெரியலக்கா."

தெரிந்தால்தான் அதிசயம். அடைத்த வீட்டில் தின்னரையே மூச்சாக விட்டுக்கொண்டிருக்கும் ஆட்கள் அவர்கள். அவள் வாயிலிருந்து வந்ததும் கிட்டத்தட்ட அதே வாடைதான். ஐந்தாறு நாளாகவே வந்துகொண்டிருந்தது. அதற்கும் பட்டறையின் காற்றுக்கும் வித்தியாசம் காணும் மூக்கு அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை.

வாசனை வரவில்லை என்றால் கொழுப்பு எரியவில்லை. எரியவில்லை என்றால் இவள் திருட்டுத்தனமாக எதையோ தின்கிறாள். அக்காவின் கணக்கு அப்படி.

"உண்மையச் சொல்லு. ரொட்டி தின்னியா?"

"பிள்ளை மேல சத்தியமா இல்ல அண்ணி."

"பிள்ளை மேல ஏண்டி பொய் சத்தியம் பண்ற?"

டிங்கருக்குத் தேநீரோடு கொடுக்கிற ரொட்டி டப்பா அன்றோடு அக்காவின் கட்டிலுக்கு அடியில் போயிற்று. கறியும் பாதியாகக் குறைந்தது. சமையலறையில் தையல்காரி நுழைந்தால் அக்காவும் கூடவே நுழைந்தாள்.

தையல்காரிக்கு நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியது. எவ்வளவு தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை. கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. படியேறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள் அவள் தைத்த உறையில் தையல் கோணிக்கொண்டு போயிருந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்து அவள் வேலையைப் பார்த்து வருகிறான் பெயிண்டர், அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. மனுஷனாக இருந்தால் அந்த ஒரு தையலைப் பார்த்தே பயந்திருக்க வேண்டும்.

"என்ன இது, பாம்பு போற மாதிரி? கண்ணு தெரியலையா?"

"தலை சுத்துதுங்க."

"எல்லாத்துக்கும் ஒரு சாக்கு."

டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்தார். "தம்பி, அது முகத்தப் பாரு, சுண்ணாம்பு மாதிரி இருக்கு. தின்னர் வாடை பச்சை உடம்புக்கு ஆகாது. கீழ உக்கார வைக்காத."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். பெயிண்டரும் நல்ல மனசோடுதான் கேட்டுக்கொண்டான். அன்றைக்கே இயந்திரத்தைத் தூக்கி மாடியில் போட்டார்கள். அதோடு, அவளைப் பார்த்துப் பரிதாபப்பட இருந்த ஒரே ஜோடிக் கண்ணும் கீழேயே தங்கிவிட்டது. மேலே அவளும் அக்காவும்தான்.

வாந்தி தொடங்கியது. அக்கா குழுவில் கேட்டாள். வாழ்த்துகள் வந்து குவிந்தன. உடம்பு பழைய பழக்கத்தை விட்டு மாறுகிறது, விஷம் வெளியே போகிறது, விட்டுவிடாதே என்றார்கள். ஒருத்தி கைகூப்பிய படம்கூடப் போட்டிருந்தாள். அக்கா எல்லாவற்றையும் ஒன்று விடாமல் படித்துக் காட்டினாள். தையல்காரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டாள். உட்கார்ந்த இடத்திலேயே, ஓடி வந்தவளைப் போல அவளுக்கு மேல்மூச்சு வாங்கியது.

குழந்தை மாரை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு வீறிட்டது.

"அண்ணி, பால் வரல. பிள்ளை அழுவுது. ஒரே ஒரு துண்டு ரொட்டி குடுங்க. தண்ணியில நனைச்சாவது தின்னுக்குறேன்."

"வா, ஊது பாப்போம்."

அவள் ஊதினாள். ஊதக்கூட மூச்சு நிற்கவில்லை, விட்டு விட்டு வந்தது. அக்கா கண்ணை மூடி, முகத்தைச் சுளித்து, கவனமாக மோந்தாள்.

"இல்லையேடி. இன்னும் வரல. இந்த நேரம் பார்த்து ரொட்டியத் தின்னா பட்ட கஷ்டமெல்லாம் வீண். பிள்ளைய இப்படிக் குடு." குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் அடுத்த அறையில் அழுகை நின்றது. புட்டி உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

தையல்காரி அன்றைக்கு அழவில்லை. அழுவதற்கு உடம்பில் தண்ணீர் வேண்டுமே.

மறுநாள் மழை விடாமல் பெய்தது. கீழே ஒரு கதவுக்குப் பட்டி தேய்த்துக்கொண்டிருந்தான் பெயிண்டர். மேலே தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னிக்குத்தான் வேகம் வந்திருக்கு அவளுக்கு" என்றான் சந்தோஷமாக.

டிங்கர் காதைத் தீட்டிக் கேட்டார். "நிக்கவே மாட்டேங்குதே தம்பி. துணியத் திருப்பறதுக்காவது நிறுத்தணுமில்ல? அவ்வளவு நீளமா என்னத்தத் தைக்குது?"

போய்ப் பார்த்தபோது அவள் இயந்திரத்தின் மேல் கவிழ்ந்து கிடந்தாள். கால் மிதியில் கனமாக விழுந்திருந்தது. துணி எப்போதோ நழுவிப்போக, ஊசி வெறும் தகட்டில் குத்திக்கொண்டிருந்தது. அக்கா கக்கூசில் இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பணியில் இருந்தது ஒரு சின்ன வயது டாக்டரம்மா. தையல்காரியின் வாயருகே குனிந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"இவங்க தின்னர் குடிச்சாங்களா? வீட்ல சண்டையா?"

"ஐயய்யோ, இல்ல டாக்டர். அது என் மேல அடிக்கிற வாடை. நான் பெயிண்டர்."

"அப்ப வெளிய போயி நில்லுங்க."

அவன் போனான். டாக்டரம்மா ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். மழைக்காற்று வந்து அறையை அலசிவிட்டுப் போனது. அப்படியும் வாடை கட்டிலை விட்டு நகரவில்லை. விஷம் குடித்த கேஸ் என்றால் போலீசுக்குச் சொல்லிவிட வேண்டும். ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு அவள் தொலைபேசிப் பக்கம் திரும்பினாள்.

அந்த நேரத்தில்தான் அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மழையில் நனைந்து, திறந்த ஜன்னலுக்கு எதிரே நின்றதில் பல மாதங்களுக்குப் பிறகு அவள் மூக்கு விழித்துக்கொண்டிருந்தது. குனிந்தாள். மோந்தாள். இன்னொரு தரம் மோந்தாள். முகம் அப்படியே மலர்ந்தது.

"டேய் தம்பி, ஓடி வாடா! வந்துடுச்சுடா! பாவம், இவ பொய் சொல்லல. நல்லா எரிஞ்சிருக்குடா!"

டாக்டரம்மா தொலைபேசியை வைத்தாள். "என்ன வந்துடுச்சு?"

அக்கா பெருமையோடு எல்லாவற்றையும் சொன்னாள். வெண்ணெய்த் தேநீர், கறி, ஊதல், வாந்தி, ஒன்றையும் மறைக்கவில்லை. தையல்காரியின் உயிரைக் காப்பாற்றியது அந்தப் பெருமைதான். அதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சோதனை முடிவு வந்ததும் டாக்டரம்மா இரண்டு பேரையும் எதிரே நிறுத்திவைத்துப் பேசினாள். "பால் குடுக்குற உடம்புங்க இது. இருக்குற சர்க்கரையெல்லாம் பாலுக்கே போயிடும். நீங்க வெளியேருந்தும் குடுக்கல. வெறும் கொழுப்பா எரிஞ்சு எரிஞ்சு ரத்தமே அமிலமா ஆயிடுச்சு. அந்த மேல்மூச்சு எதுக்குன்னு நினைச்சீங்க? இன்னும் அரை நாள் விட்டிருந்தா பொணமாத்தான் தூக்கிட்டு வந்திருப்பீங்க. டாக்டர் பார்வையில இல்லாம யாரும் இதச் செய்யக் கூடாது. பால் குடுக்குறவங்க கிட்டயே போகக் கூடாது. புரியுதா?"

"புரியுது டாக்டர்" என்றான் பெயிண்டர்.

நர்ஸ் பாட்டிலைத் தொங்கவிட்டு ஊசியைக் கையில் ஏற்றினாள்.

"அதுல என்ன சிஸ்டர் இருக்கு?" என்று கேட்டாள் அக்கா.

"குளுக்கோஸ்."

அக்கா பாட்டிலை நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை நாள் தன் கையால் பொத்திப் பொத்திக் காத்ததையெல்லாம் கண்ணெதிரே சொட்டுச் சொட்டாகக் கெடுக்கிறார்கள். நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனதும் குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தை விரலால் உருட்டி மூடினாள். தையல்காரி கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பேச நாக்கு எழவில்லை. பெயிண்டரும் பார்த்தான்.

"அக்கா, வேணாம்…"

"கொஞ்ச நேரம்தாண்டா. மொத்தமா ஏத்திட்டா எல்லாம் போச்சு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

நர்ஸ் திரும்பிப் பார்த்துவிட்டாள். "கைய எடு! யாரு நீ? கொலை பண்ண வந்தியா?" என்று அந்த வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தி, அக்காவைக் கையைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். நடையில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களிடம் அக்கா தன் பழைய படத்தையும் புதிய படத்தையும் காட்டினாள். அதில் ஒருத்தி, தன்னையும் குழுவில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நம்பர் கொடுத்தாள்.

தையல்காரி பிழைத்துக்கொண்டாள். எழுந்து உட்கார்ந்ததும் ஆஸ்பத்திரி ரொட்டியைப் பாலில் தோய்த்து, யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் தின்றாள். தின்றுவிட்டு, பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னாள். வார்டுக்குள் கைக்குழந்தையை விட மாட்டோம் என்றார்கள். வீட்டுக்குப் போகிற நாளன்றுதான் பெயிண்டர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

குழந்தை தேறியிருந்தது. கன்னம் வைத்திருந்தது. அவள் வாங்கி மாரோடு அணைத்துப் பால் கொடுக்கப் பார்த்தாள். குழந்தை ஒரு வாய் இழுத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபக்கம் மாற்றிப் போட்டாள். முதுகை வளைத்துக்கொண்டு வீறிட்டது. கதவுக்கு வெளியிலிருந்து, "அழுவாதடி செல்லம், அத்தை இங்கதான் இருக்கேன்" என்று குரல் வந்தது. அழுகை சட்டென்று நின்று, குழந்தை அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பியது. பெயிண்டர் அதை வாங்கிக்கொண்டு போய்க் கதவைக் கொஞ்சம் திறந்து அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தான்.

"முழுசா வத்திப் போச்சுங்க" என்றாள் தையல்காரி. அவளுக்கு இப்போது அழுகை வந்தது. "அது ஒண்ணுதான கேட்டேன் உங்ககிட்ட? வேற என்ன கேட்டேன்?"

"அழுவாத. நடந்ததும் ஒரு வகையில நல்லதுக்குத்தான்." அவன் கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தான். உள்ளங்கை மெதுவாக இடுப்புவரை இறங்கி, அங்கே ஒரு நிமிஷம் நின்றது. "நானும் அக்காவும் பேசினோம். பால் குடுக்குறவங்களுக்குத்தான் அந்தச் சாப்பாடு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாங்க. இப்பதான் பால் நின்னுடுச்சே. இனிமே பயம் இல்ல. வீட்டுக்குப் போயி தைரியமா மறுபடி ஆரம்பிச்சுடலாம்னு அக்கா சொல்லுது."

அவன் முகத்தில் கொடுமைக்காரனின் களை துளியும் இல்லை. நல்ல சேதி கொண்டுவந்தவனின் முகமாகத்தான் இருந்தது.

நர்ஸ் மருந்துச் சீட்டோடு வந்தாள். தையல்காரி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், இன்னும் ரெண்டு நாள் நான் இங்கயே இருந்துக்கட்டுமா?"

நர்ஸ் சிரித்துவிட்டாள். "எல்லாரும் எப்ப வீட்டுக்கு அனுப்புவீங்கன்னு உயிர எடுப்பாங்க. நீ என்னடான்னா இப்படிக் கேக்குற! உனக்கு ஒண்ணும் இல்லம்மா, நல்லாயிட்ட. இந்தக் கட்டிலுக்கு வெளிய ஆள் காத்துக்கிட்டிருக்கு."

ஆயா வந்து படுக்கை விரிப்பை உருவ ஆரம்பித்தாள். தையல்காரி எழுந்து அவளுக்கு வழிவிட்டு நின்றாள்.